முதல் இட்லியோடு நின்றுபோன பாடம்

எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமல் இருப்பது பிறந்த குழந்தை மட்டும்தான். அதுவும் ஒரு வருஷம்தான். முதல் பிறந்தநாளுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் வைக்கும்போது அதற்கும் 'குலவிளக்கு', 'குட்டிச் சிங்கம்' என்று இரண்டு பட்டம் சேர்ந்துவிடும். கல்யாணத்துக்கு இன்னும் நாலு சேரும். கட்சியில் பொறுப்பு கிடைத்தால் எட்டு. செத்துப்போனால் சுவரொட்டியில் இடம் இருக்கிற வரைக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் கல்யாண ஃபிளெக்ஸில் என் மச்சான்கள் என்னைப் 'பொருளாதாரப் புயல்' என்று போட்டார்கள். (அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்த பொருளாதாரத்தை அடித்துக்கொண்டு போகப் புயல் தேவையில்லை, மின்விசிறிக் காற்றே போதும்.)

இந்தப் பட்ட வழக்கத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நடுவழியில் நின்றது என்றால் நம்பமாட்டீர்கள். நின்றது. நிறுத்திய புத்திசாலி நான்தான். அதை வைத்து என் வீட்டில் இன்றும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசப் பிடிக்காது.

அப்போது நான் உத்திரமேரூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. எவ்வளவு தற்காலிகம் என்றால், வேலையில் சேர்ந்த வருஷம் தவழ்ந்துகொண்டிருந்த என் மகள் அப்போது எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் தற்காலிகமாகவே இருந்தேன்.

கல்லூரியின் தாளாளரை எல்லோரும் ஐயா என்போம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒரு காரணம். பட்டங்கள் இல்லாமல் அந்தப் பெயரை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது என்பது இன்னொரு காரணம். கல்வித் தந்தை, கொடை வள்ளல், செயல் சிங்கம், ஏழைகளின் ஏணி, தொண்டை மண்டலத் தூண், பசுமைக் காவலர், மகளிர் மாண்புச் சுடர், பன்னாட்டு மனிதநேய மாமணி, டாக்டர். இத்தனைக்கும் பிறகுதான் பெயர். பெயருக்குப் பிறகு 'ஐயா அவர்கள்'. பசுமைக் காவலர் பட்டம் கல்லூரி வாசலில் மரக்கன்று நட்டதற்காக வந்தது. கன்றுகளை மறு வாரமே ஆடுகள் மேய்ந்துவிட்டன, பட்டத்தை ஆடுகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு முறை தமிழ்த் துறை நண்பர் ஒருவர் விழா அழைப்பிதழில் இடம் போதவில்லை என்று 'செயல் சிங்க'த்தை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவரை விடுதிச் சமையலறையில் கரண்டிகளுக்குக் கணக்கு எழுதும் பொறுப்பில்தான் பார்க்க முடிந்தது.

கொரோனாவோடு வந்த போர்ட்டல் கொரோனா போன பிறகும் போகவில்லை. எல்லாப் பாடமும் அதில்தான் இருக்கும், மாணவர்கள் போனில் திறந்து படிக்க வேண்டும். பாடம் ஏற்றுவதற்கு எங்கள் கல்லூரியில் ஒரு முறை உண்டு. கையால் எழுதியதோ புத்தகத்தில் இருந்ததோ, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ பிடித்து, அதன் தலையில் ஐயாவின் படத்தைச் சேர்த்து ஏற்றிவிடுவோம். கண் தெரிகிறவர்களுக்கு அது போதும். முதலில் ஐயாவைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இருக்கிற பாடத்தைப் படித்துக்கொள்ளலாம்.

மேகலாவுக்குப் பார்வை கிடையாது. சாலவாக்கம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பார்வை இல்லாத பிள்ளை என்றதும் மனதுக்குள் ஒரு சாதுவான முகத்தை வரைந்துகொள்ளாதீர்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வகுப்பில் நான் ஒரு எடுத்துக்காட்டை இரண்டாம் முறை சொன்னால், "சார், இது போன வாரத்து மாம்பழம்" என்பாள். மற்ற பாடங்களைத் தோழிகள் படிக்கக் கேட்டுத் தேறிவிட்டாள். முதல் வருஷத்து நுண்ணினப் பொருளியல் மட்டும் அரியராக நின்றது. தோழிகள் அந்தத் தாளை எப்போதோ முடித்துவிட்டதால் அதைப் படித்துக் காட்ட ஆளில்லை. அந்தத் தாளை நடத்தியவன் அடியேன். அது தேறினால் டிகிரி கையில் வரும். டிகிரி இருந்தால் வங்கித் தேர்வு எழுதலாம். அவள் அப்பா கன்னியப்பன் ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டார்: "இதான் கடைசி வாட்டி. இதுவும் புட்டுக்கிச்சினா பேசாம வூட்டோட கெட."

இந்த நேரத்தில்தான் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. முதல்வர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆன்லைன் பாடம் எல்லா மாணவர்களுக்கும் எட்டுதான்னு கேக்கப் போறாங்க. கண்ணு தெரியாத பொண்ணு ஒண்ணு கீதே, அதுக்கு இன்னா பண்ணீங்கம்பாங்க. இன்னா பண்ணியிருக்கோம்?"

அறையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். பிறகு நான் கையைத் தூக்கினேன். சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. குழு பாராட்டினால் ஐயா பாராட்டுவார், ஐயா பாராட்டினால் வேலை நிரந்தரமாகும் என்ற நேர்கோட்டுக் கணக்குதான். பொருளாதாரத்தில் நேர்கோடு வரைவது சுலபம்.

போர்ட்டலைச் செய்து கொடுத்த கம்பெனிப் பையனிடம் போனில் கேட்டுக்கொண்டேன். எழுத்தாக இருந்தால் போன் வாய்விட்டுப் படித்துவிடும், போட்டோவாக இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, 'படம்' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் என்றான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு பெட்டி உண்டு, படத்தில் இருப்பதை அந்தப் பெட்டியில் தட்டச்சு செய்து வைத்தால் போன் அதைப் படிக்கும் என்றும் சொன்னான். எனக்கு அவ்வளவு போதும். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். "புரிஞ்சிடுச்சி தம்பி" என்று வைத்துவிட்டேன்.

படத்தில் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும். சரி, படத்தில் முதலில் என்ன இருக்கிறது? ஐயா இருக்கிறார். 'ஒருவரின் புகைப்படம்' என்று எழுத எனக்கென்ன பைத்தியமா? விடுதிச் சமையலறைக் கரண்டிகள் என் கண் முன்னால் வந்து போயின. 'இப்பக்கத்தின் மேலே கல்வித் தந்தை, கொடை வள்ளல்' என்று தொடங்கி, 'ஐயா அவர்கள் வெள்ளைச் சட்டையில் புன்னகையுடன் காட்சி தருகிறார்' என்பது வரைக்கும் ஒரு முறை பார்த்துப் பார்த்து எழுதினேன். பிறகு அதை நகலெடுத்து ஒவ்வொரு பக்கத்தின் பெட்டியிலும் முதலில் ஒட்டினேன். அதற்குக் கீழே பாடத்தை வரி விடாமல் தட்டினேன். விரல் வீங்கும் அளவுக்கு உழைத்தேன், அதில் மட்டும் பொய் இல்லை.

முடித்ததும் என் மனைவி சுமதியின் போனில் முதல் பக்கத்தைத் திறந்து ஓடவிட்டேன். ரயில் வருகையை அறிவிப்பது போன்ற ஒரு பெண் குரல் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, 'நுண்ணினப் பொருளியல், அலகு ஒன்று' என்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சுமதி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாங்க இது, பாடமா, வரவேற்புரையா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"அந்தப் பொண்ணு டெய்லி இத்தக் கேக்கணுமா? பாவங்க."

முதல் பக்கம் அட்டைப் பக்கம், அதில் தலைப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. இரண்டாம் பக்கத்தைத் திறந்து கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்து மேகலா வராந்தாவில் என் செருப்புச் சத்தத்தை வைத்தே என்னை நிறுத்தினாள்.

"சார், பாடம் அறுந்து அறுந்து வருது சார். ஐயா மட்டும் முழுசா வர்றாரு."

இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க ஊர்ல நெட்டு வீக்கா இருக்கும்மா. மொட்டை மாடிக்குப் போய்க் கேளு."

அவள் வீடு ஓட்டு வீடு. மாடியே கிடையாது. அதனால் பக்கத்து வீட்டு மாடியில் ஏறி, நெல் காயவைத்திருந்ததற்கு நடுவில் வெயிலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அங்கேயும் அறுந்தது. அடுத்த முறை என்னிடம் வந்தபோது, மேடான இடத்துக்குப் போகச் சொன்னேன். அதிலிருந்து கன்னியப்பன் கழனி வேலை முடிந்ததும் மகளை மொபெட்டில் உட்காரவைத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் கரைமேல் உட்கார்ந்து ஐயாவின் பட்டங்களைக் கேட்டார்கள். ஆடு மேய்க்க வந்தவர்கள், மீன் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த ஏரிக்கரையில் 'தொண்டை மண்டலத் தூண்' என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் 'பசுமைக் காவலர்' என்று இன்னொருவர் முடிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் கன்னியப்பன் எனக்கே போன் செய்தார்.

"சார், ஒரு சந்தேகம். பசியோட ஒரு ஆளு ஒக்காந்துகினு கீறானே, அவன் இட்லி துன்னானா இல்லியா?"

"எந்த ஆளுங்க?"

"உங்க பாடத்துல சார். மொத இட்லின்னு சொல்லுது, அதோட நின்னுபோவுது. நாங்களும் எத்தினி நாளு கேக்கறது? பசியா இருக்கறவனுக்கு இட்லியக் காட்டிட்டுப் புடுங்கிக்கினா நல்லாவா கீது?"

நெட் சரியானதும் அவன் சாப்பிட்டுவிடுவான் என்று சமாதானம் சொன்னேன்.

உள்தேர்வு வைத்தேன். மேகலா சொல்லச் சொல்ல வேறொரு மாணவி எழுதினாள். திருத்தும்போது ஒரே ஒரு விடை பிரமாதமாக இருந்தது: நுகர்வோர் உபரி. விளக்கம், எடுத்துக்காட்டு, படத்தின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வரைக்கும் ஒன்று விடவில்லை. மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி வாக்கியத்தோடு நின்றிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூப்பிட்டுத் திட்டினேன். "ஒரு கேள்விக்கு இவ்ளோ நல்லா எழுதத் தெரியுதில்ல? மத்ததப் படிக்க சோம்பேறித்தனம். உனக்காக நான் விரல் வீங்கத் தட்டிவெச்சிருக்கேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. எப்போதும் வாயாடுகிறவள் அன்றைக்குக் கோலைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். எனக்கு அப்போது அது திமிராகத் தெரிந்தது.

குழு வந்த அன்று கல்லூரி கல்யாண வீடு போல் இருந்தது. வாழைமரம், நாதஸ்வரம், பூரண கும்பம், வாசலிலிருந்து அரங்கம் வரைக்கும் இருபுறமும் ஐயா. அரங்கில் மேடை போட்டிருந்தார்கள். குழுவில் தலைவியாக வந்தவர் ஒரு பேராசிரியை. பருத்திப் புடவை, அதிகம் பேசாத ஆள். பொன்னாடை போர்த்தியபோதே மூன்றாவதைக் கையால் தடுத்துவிட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் என் நிரந்தர வேலையை நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மேகலாவை மேடைக்கு அழைத்து வந்தார்கள். கடைசி வரிசையில் கன்னியப்பன் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் மேகலாவின் போனில் வயரைச் செருகிப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தார். அரங்கில் நெட் அருமையாக இருந்தது. முதல்வரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

நான் மைக்கில், "குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்ற பாடத்தை மாணவி இப்போது தானே கேட்டுப் பயில்வதைக் காணலாம்" என்றேன். இந்த விதியைத் தெரியாதவர்களுக்காக: ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அனுபவித்தால் ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகும். அவ்வளவுதான் விதி.

ரயில் அறிவிப்புக் குரல் அரங்கம் அதிரத் தொடங்கியது. கல்வித் தந்தை, கொடை வள்ளல், செயல் சிங்கம். முன்வரிசையில் ஐயா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, எழுந்து, ஸ்பீக்கரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மாணவர்கள் கை தட்டினார்கள். நான் நிரந்தரமாகிவிட்டேன் என்றே நினைத்தேன். 'ஒரு பொருளை நாம் தொடர்ந்து நுகரும்போது, அடுத்தடுத்த அலகிலிருந்து கிடைக்கும்' என்று சொல்லிக் குரல் நின்றது.

மேகலா அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். கல்வித் தந்தை, கொடை வள்ளல், செயல் சிங்கம். ஐயா இந்த முறை உட்கார்ந்தபடியே கும்பிட்டார். 'எடுத்துக்காட்டாக, பசியோடு இருக்கும் ஒருவன் முதல் இட்லியை'. நின்றது.

அடுத்த பக்கம். கல்வித் தந்தை. ஐயா தலையை மட்டும் ஆட்டினார். பின்வரிசை மாணவர்கள் குரலோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 'இவ்விதிக்கு முக்கியமான விலக்குகள் உள்ளன. அவையாவன'. நின்றது. அதற்கும் அடுத்த பக்கத்தில் கல்வித் தந்தை என்றதுமே அரங்கம் முழுக்கச் சிரிப்பு. ஐயாவின் முகத்தில் திருப்தி பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. இந்த விதியை நான் எத்தனையோ வருஷம் கரும்பலகையில் கோடு போட்டு நடத்தியிருக்கிறேன், இவ்வளவு கச்சிதமாக ஒரு முறையும் புரியவைத்ததில்லை.

தலைவியம்மா கையை உயர்த்தினார். "பாடம் எங்கே?"

"நெட்டு கொஞ்சம்..." என்றேன். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை நானே அறுத்துக்கொண்டேன்.

தலைவியம்மா மேகலாவிடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னார். "ஏம்மா, வீட்டுலயும் இப்படித்தான் வருதா?"

"ஆமா மேடம். ஐயா வருவாரு, அப்பறம் பாடம் ஒரு வரி வரும், அறுந்துடும். சார் நெட்டுன்னு சொன்னாரு. மாடில ஏறிப் பாத்தேன், ஏரிக்கரைக்குப் போய்ப் பாத்தேன். நெட்டு இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"நுகர்வோர் உபரின்னு ஒரு பக்கம். அதுல சார் ஐயாவப் போட மறந்துட்டாரு. அந்தப் பக்கம் மட்டும் கடைசி வரிக்கும் வந்துது. அத்த வெச்சிதான் கண்டுபுடிச்சேன். அந்தப் பொட்டில கொஞ்சம் எழுத்துக்குத்தான் எடம். மொதல்ல ஐயா பூந்துக்கறாரு, மீதி எடத்துலதான் பாடம்." பிறகு எந்த வித்தியாசமும் இல்லாத குரலில் சொன்னாள்: "ஐயாவ எடுத்துட்டா பாடத்துக்கு எடம் இருக்கும் மேடம்."

நாதஸ்வரக்காரர்கூட ஊதுகுழலைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் பலமாகக் கை தட்டினார். கன்னியப்பன்தான். மகள் மைக்கில் பேசி முடித்துவிட்டாள் என்ற பெருமையில் தட்டினார். யாரும் கூடத் தட்டாததால் அவர் கைகள் மெதுவாகி, பாதியில் நின்றன. அந்தக் கடைசி இரண்டு தட்டல்கள் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும்.

அன்றைக்கே கம்பெனிப் பையனைப் போனில் பிடித்துக் கேட்டேன். ஒரு பெட்டியில் ஒரு தபால் கார்டு அளவுக்குத்தான் எழுத்து நிற்கும் என்றான். அதற்கு மேல் தட்டினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் சேமிக்காது. "அதான் அன்னிக்கே சொல்ல வந்தேன் சார், நீங்கதான் புரிஞ்சிடுச்சினு வெச்சிட்டீங்க." அந்தத் தபால் கார்டில் முக்கால்வாசியை ஐயாவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் ஒரு பெண்ணின் படிப்பை எழுதியிருக்கிறேன். அவளையே சோம்பேறி என்றும் திட்டியிருக்கிறேன்.

குழு போனதும் ஐயா என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எடம் இல்லன்னா எடத்தப் பெருசு பண்ணணும். ஆள எடுக்கறதுன்ற பேச்சு எப்படி சார் வந்துது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இடத்தைப் பெரிதாக்கப் போர்ட்டலையே மாற்ற வேண்டும் என்றது கம்பெனி. ஐயாவின் படத்தை எடுப்பதைப் பற்றி வாய் திறக்க ஆள் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் வசதியான ஒரு முடிவு எடுத்தார்கள். பெட்டிகளையே எடுத்துவிட்டார்கள். மறுபடியும் மேகலாவின் போன் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தது. என்னைக் கல்லூரிப் பஸ்கள் வந்து போகும் நேரத்தைப் பார்க்கும் பொறுப்பில் போட்டார்கள். வெயிலில் வாசலில் நின்றுகொண்டு, ஆடு மேய்ந்த மரக்கன்றுகளின் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிரந்தர வேலை என்ற பேச்சு அதோடு போயிற்று.

பரீட்சை நெருங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல் நானே பாடத்தைப் படித்து, போனில் பதிவு செய்து மேகலாவுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். கல்லூரி விட்டு வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். முதல் பதிவு போனதும் அவளிடமிருந்து பதில் வந்தது: "சார், உங்க வூட்டு குக்கர் விசிலுதான் ஜாஸ்தி. ஆனா அறுந்துபோவாம வருது." ஆனால் இருந்த நாட்களில் பாதிப் பாடத்தைக்கூட முடிக்க முடியவில்லை.

அவள் தேறவில்லை.

கன்னியப்பன் கல்லூரி வாசலுக்கு வந்தார். பஸ் எண்களை எழுதிக்கொண்டு நின்ற என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "போதும் சார். ஏரிக்கரைல ஒக்காந்து ஒக்காந்து எனக்கே பேஜாராப் பூட்ச்சி. கண்ணு இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த அவஸ்தை? வூட்டுலயே இருக்கட்டும்." மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன்.

மேகலா கல்லூரிக்கு வருவது நின்றது. நான் பதிவு செய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்னோடு நானே இருக்க முடியாது போல் இருந்தது. கேட்கிறாளா என்றும் தெரியாது. ஒரு நாள் கன்னியப்பனிடமிருந்து போன்.

"சார், அந்த ஆளு இட்லி துன்ட்டான். நேத்து கேட்டேன். ஆறாவதுல வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சாமே?"

"ஆமாங்க. அதான் அந்த விதி."

"ஆறு இட்லிக்கா சார் இம்மாம் பாடு பட்டோம்?" அவரே சிரித்துக்கொண்டார். "இது புரியாத அளவுக்கு எம் பொண்ணு ஒண்ணும் மக்கு இல்ல. இன்னொரு வாட்டி எழுதட்டும்."

எழுதினாள். முடிவு வந்த அன்று நான் காஞ்சிபுரத்திலிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் மேகலாவின் குரல், ஹலோ கூடச் சொல்லாமல், ரயில் அறிவிப்பு மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடங்கியது: "கல்வித் தந்தை, கொடை வள்ளல், செயல் சிங்கம், ஏழைகளின் ஏணி..." ஒரு பட்டம் விடவில்லை. 'புன்னகையுடன் காட்சி தருகிறார்' வரைக்கும் சொல்லிவிட்டு, "சார், நான் இந்த வாட்டி" என்றாள். அறுந்தது.

திருப்பிப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். இந்த வாட்டி என்ன? பாஸா, பெயிலா? ஓரிக்கை வந்தது, பாலாற்றுப் பாலம் வந்தது, நான் அந்த அரை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்தப் பெண் மாசக்கணக்கில் எப்படிக் கேட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது. வீட்டு வாசலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். "பாஸாம். எங்கிட்ட முழுசா சொல்லிட்டா. நீங்க வூடு வந்து சேர்ற வரிக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் செய்தியும் நேராக வருவதில்லை. விடுதியில் இருக்கும் என் மகள் போன் செய்தால், கல்வித் தந்தையில் தொடங்கி, "அப்பா, எனக்கு இன்னிக்கி" என்று சொல்லி வைத்துவிடுவாள். நான் ஏதாவது கதையைச் சுற்றி வளைத்தால் சுமதி, "ஐயாவ எடுத்துட்டு சொல்லுங்க" என்பாள். என் மச்சான்கள் இப்போது என்னைப் பொருளாதாரப் புயல் என்பதில்லை, 'முதல் இட்லி' என்கிறார்கள். நான் அந்தக் கல்லூரியை விட்டு வந்து காஞ்சிபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கேயும் தற்காலிகம்தான்.

மேகலா ஒரு வருஷம் பிந்தி டிகிரி வாங்கினாள். எழுத நினைத்த வங்கித் தேர்வு அந்த வருஷத்தில் வந்து போயிருந்தது. அடுத்த தேர்வு எழுதினாள், அதற்கடுத்ததும் எழுதினாள். அங்கேயும் பாதிப் புத்தகங்கள் போட்டோதான், போன் 'படம்' என்றுதான் சொல்கிறது. இருக்கிற பதிவுகளை வைத்துப் படிக்கிறாள், இல்லாததை நான் படித்து அனுப்புகிறேன். ஒவ்வொரு முடிவுக்கும் எனக்குப் போன் வரும். பட்டங்கள் வரும். அறுந்துவிடும்.

போன வாரமும் வந்தது. சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "சார், எனக்கு" என்றதும் அறுந்தது. திருப்பிப் போட்டேன். இந்த முறை உடனே எடுத்தாள்.

"இந்த வாட்டியும் இல்ல சார்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்:

"ஆனா ஒண்ணு சார். பரிட்சைல ஐயாவப் பத்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்கன்னு வெச்சிக்கோங்க, தமிழ்நாட்டுலயே நாந்தான் பர்ஸ்ட்டு."

சுமதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, அடுத்த தேர்வுக்கான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.